மண் இளகும்வரை

அன்னமேரிக்கு அந்த ஊர் அத்துப்படி. கனடாவில் ஒரு ஆற்றங்கரை, அதில் ஒரு இரும்புப் பாலம், இந்தப் பக்கம் மாதா கோயில், அந்தப் பக்கம் மூடிக்கிடக்கிற காகித மில், நடுவில் ஒரு ரொட்டிக் கடை. அவ்வளவுதான் ஊர். நெய்வேலியில் ஒரு பிளாக்குக்குக் காணாது. மகன் ஜெபின் ஞாயிறு தவறாமல் போனைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து காட்டுவான். பக்கத்து குவார்ட்டர்ஸ் திலகவதியிடம், "பாலத்தத் தாண்டுனா ரெண்டாவது வூடு என் புள்ளயோடது" என்று, ஏதோ வடலூரில் இருக்கிற மாதிரி சொல்லிக்கினு இருப்பாள்.

அந்த வீட்டு வாசலில்தான், ஜனவரியில், பனியை வாரித் தள்ளிக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவே இல்லை. முப்பத்தைந்துகூட ஆகவில்லை, பாவி மகன்!

ஊருக்குக் கொண்டுவந்துவிடலாம் என்றார் அவள் புருஷன் கிறிஸ்துதாஸ். மருமகள் நான்சி அழுதாள். "நானும் கொழந்தயும் இங்கதான மாமா இருக்கப்போறோம். நெனச்சா ஓடிப்போய்ப் பார்க்கிற தூரத்துல இருக்கட்டும்." சரி என்றுவிட்டார். இவர்களுக்கு விசாவும் கிடைக்கவில்லை. பூசையைப் போனிலேயே பார்த்தார்கள். கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோன பெட்டியை, ஓரத்தில் இருந்த ஒரு கல் அறைக்குள் வைத்துப் பூட்டினார்கள்.

"குழி எங்கம்மா?"

"மண்ணு உறைஞ்சி பாறையாக் கெடக்கு அத்தை. ஏப்ரல் கடைசியிலதான் தோண்டுவாங்க. இந்த ஊர்ல எல்லாருக்கும் அப்படித்தான்."

கிறிஸ்துதாஸுக்கு வந்ததே கோபம்! வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மைன்ஸில் மெஷின் ஓட்டுகிற மனுஷன். "மலை மலையா மண்ண வாரிக் கொட்டுறவன்டி நான். ஆறடி தோண்ட வக்கில்லையா அவனுங்களுக்கு? என்ன அனுப்பச் சொல்லு, ஒரு ஷிஃப்ட்ல தோண்டிக் காட்டறேன்!" கத்திவிட்டுப் போய்க் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார். அழுகிற சத்தம் வெளியே கேட்கக் கூடாதாம். கேட்டது.

முப்பதாம் நாள் பூசைக்குப் பங்குச் சாமியார் நாள் கேட்டார். அன்னமேரி ஒப்பவில்லை. "மண்ணு போடாத புள்ளைக்கு என்னாங்க சாமி முப்பது? அடக்கம் ஆன அன்னியிலேர்ந்துதான் எண்ணணும்." இறந்த நாளிலிருந்தும் எண்ணலாம் என்று அவர் எவ்வளவோ சொன்னார். ம்ஹூம். ஜெபமாலையில்கூட மகன் பெயரை இறந்தவர்களோடு சேர்க்க மாட்டேன் என்றுவிட்டாள்.

ஒரு கம்பளி வாங்கிப் பார்சல் அனுப்பினாள். "பெட்டிக்கு மேலயாவது போத்தும்மா. அந்த ரூமுல ஹீட்டர் கெடையாதாமே."

"போத்திட்டேன் அத்தை" என்றாள் நான்சி. போர்த்தினாளோ இல்லையோ, பெத்தவள் அன்றைக்குத்தான் தூங்கினாள்.

விடிந்தால் ஒரே கேள்வி: "மண்ணு இளகிடுச்சா?" இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, இவள் பனியை விசாரித்துக்கினு இருக்கிறாள். நான்சி ஆற்றைக் காட்டுவாள். முதலில் வெள்ளைத் தரையாகக் கிடந்தது. அப்புறம் விரிசல் விட்டது. ஒரு நாள் ஐஸ் பாளம் பாளமாகப் பாலத்தில் முட்டிக்கொண்டு போனது. "சீக்கிரம் ஆவட்டும் மாதாவே, எம்புள்ள அங்க தனியாக் கெடக்கறான்" என்று வேண்டிக்கொண்டாள்.

அடக்கத்தன்று நெய்வேலியில் விளக்கு வைக்கிற நேரம். திலகவதியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். போனில் குழியைப் பார்த்ததும் கிறிஸ்துதாஸ், "சின்ன மெஷின்தான். ஆனா கரை சரியாம நேரா வெட்டியிருக்கான்" என்றார். பழக்கதோஷம். சொன்ன வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

பெட்டி இறங்கியது. நான்சி குனிந்து ஒரு பிடி மண் எடுத்தாள். "அத்தை, உங்களுக்காகவும் நானே போடறேன்."

"போடாத!"

அன்னமேரி போனைப் பிடுங்கிக்கொண்டாள். "போடாதம்மா, ஒன் கால்ல வுழறேன். தெரியாம அவசரப்பட்டுட்டேன். இன்னும் கொஞ்ச நாளு அந்த ரூமுலயே இருக்கட்டும். மண்ணப் போட்டுட்டா நெசமாவே செத்துருவான்டி!"

அங்கே பிடிமண்ணோடு நான்சி அப்படியே நின்றாள். மனைவியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போனை வாங்கிய கிறிஸ்துதாஸ், "போடும்மா" என்றார்.