டாங்கி மூடி

அம்புஜத்தின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் மோட்டார் சைக்கிள் கேட்டார்கள். அவளுடைய அப்பா திருமலைசாமி கோயமுத்தூரை ஒட்டிய கணபதியில் ஆயில் என்ஜின் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருந்தார். புது வண்டிக்கு அவர் எங்கே போவார்? யுத்தம் முடிந்து பட்டாளத்தார் ஏலம் விட்டு, நாலைந்து கை மாறிக் கிடந்த பழைய வண்டி ஒன்றை எடுத்தார். போல்ட் போல்ட்டாகப் பிரித்து, தேய்ந்ததையெல்லாம் தம் லேத்திலேயே கடைந்து போட்டு, மூன்று மாதத்தில் ஓட்டிக் காட்டினார்.

அன்னூரில் மாப்பிள்ளை அழகிரிசாமிக்கு வண்டி பிடித்திருந்தது. அது பழசு என்பதுதான் பிடிக்கவில்லை. பருத்தி மண்டியில் யாரோ, மாமனார் காயலான் கடையில் பொறுக்கிக் கொடுத்தாரா என்று கேட்டுவிட்டார்கள். மறுவாரமே வண்டியைக் கோயமுத்தூர் கொண்டுபோய், பட்டாளத்துப் பச்சை கொஞ்சமும் தெரியாதபடி மேலிருந்து கீழ்வரை சிவப்புப் பெயிண்ட் அடித்து, பருத்தி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான்.

பத்து நாள் ஊருக்குள் ஓட்டியபோது ஒன்றும் தெரியவில்லை. சென்னிமலைக்குக் கிளம்பிய அன்று நாலாவது மைலில் வண்டி இருமி, விக்கி, நின்றுபோனது. கால் மணி நேரம் கழித்து உதைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பியது. இன்னும் நாலு மைல் போனதும் மறுபடி நின்றது. அன்றிலிருந்து எங்கே போனாலும் இதே கதை. ஒரு மெக்கானிக் பிளக் மாற்றினார். இன்னொருவர் கார்ப்பரேட்டரைக் கழற்றி ஊதினார். மூன்றாமவர் இக்னிஷன் காயில் சூடாகிறது என்றார். பழைய வண்டி என்றால் அப்படித்தான் என்று மூவரும் சொன்னார்கள். அழகிரிசாமியின் காதில் அது ஒன்றுதான் ஏறியது.

திருமலைசாமி சாமான் பையோடு மூன்று தடவை பஸ் ஏறி வந்தார். ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டதற்கு, நின்ற இடத்திலேயே பாருங்கள் என்று சொல்லிவிட்டான் மருமகன். அவர் டாங்கி மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்து, மூடியைப் பக்கத்துக் கல்மேல் வைத்துவிட்டு வண்டியை உதைப்பார். அது அரை மணி நேரம் நிற்காமல் ஓடும். மூன்றாம் தடவை களத்தில் ஆட்கள் பருத்தி காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே அழகிரிசாமி சொன்னான்:

"என்ஜின் தெரியும் என்ஜின் தெரியும்னு சொல்லி, எங்க தலையில காயலானைக் கட்டிப்போட்டீங்க."

அவர் பையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். அம்புஜம் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அதற்குப்பிறகு அவர் அன்னூர்ப் பக்கம் வரவில்லை.

தை மாதம் கணபதியில் அம்புஜத்தின் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். இருவரும் வண்டியில் கிளம்பினார்கள். கோயில்பாளையம் தாண்டியதும் இரண்டாம் தடவையாக நின்றது. அழகிரிசாமி உதைத்து உதைத்து வேர்த்துப்போய், அவள் அப்பனை வாய்க்கு வந்தபடி பேச ஆரம்பித்தான். அம்புஜம் கீழே இறங்கி வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பட்டறையில் மண்ணெண்ணெய் டின்னுக்கு அப்பா எப்போதும் இரண்டு ஓட்டை போடுவார். ஒன்று எண்ணெய் வர, மற்றது காற்றுப் போக. ஒன்றே போட்டால் கொஞ்சம் ஊற்றி நின்றுவிடும்.

"ஏனுங்க, அந்தப் பெட்ரோல் குழாயைக் கொஞ்சம் உருவிப் பாருங்க," என்றாள்.

இவளுக்கென்ன தெரியும் என்று காட்டவே அவன் குழாயைக் கார்ப்பரேட்டரிலிருந்து உருவினான். இரண்டு சொட்டு விழுந்தது, அதோடு சரி. டாங்கியிலோ பாதிக்குமேல் பெட்ரோல். அவள் கையை நீட்டி மூடியைத் திருகினாள். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. குழாயிலிருந்து பெட்ரோல் ரோட்டில் கொட்டியது.

மூடியைத் திருப்பிப் பார்த்தாள். காற்றுப் போக அதிலிருந்த சிறு துளையைச் சிவப்புப் பெயிண்ட் கல்லாய் அடைத்திருந்தது. கொண்டையிலிருந்து ஊசியை உருவிக் குத்தி, ஊதி, அவனிடம் கொடுத்தாள்.

அவன் ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தான். யாருமில்லை.

"இதை யாருகிட்டயும் சொல்லிட்டுத் திரியாதே," என்றான்.

வண்டி கணபதி வரைக்கும் ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

கல்யாண வீட்டு வாசலில் திருமலைசாமி தயங்கித் தயங்கி வண்டியைப் பற்றி விசாரித்தார். சொந்தபந்தமெல்லாம் சுற்றி நின்றது. தானே பார்த்துச் சரிசெய்துவிட்டதாகவும், குறையெல்லாம் மாமனாரின் வேலையில்தான் என்றும், பட்டறைக்கு வருகிற வண்டிகளையாவது ஒழுங்காகப் பார்க்கும்படியும் அழகிரிசாமி சொன்னான். "தப்புத்தானுங்க மாப்பிள்ளை," என்றார் அவர்.

சாப்பாடு முடிந்ததும் அம்புஜம் அப்பாவை வண்டியருகே கூட்டிப்போய் நடந்ததைச் சொன்னாள். அவர் மூடியைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். ஊசி கீறிய தடம் தெரிந்தது. ஒரு நிமிஷம் முகம் மலர்ந்துபோனது.

"மூணு தடவையும் மூடியைத் தொறந்து வெச்சுட்டுல்ல உதைச்சுப் பார்த்தேன். அப்பறம் எப்படி நிக்கும்?"

பிறகு மூடியைப் பழையபடி திருகி, துண்டால் துடைத்தார். அவர் உள்ளே வந்து எல்லாருக்கும் தெரியச் சொல்லவேண்டும் என்றாள் அம்புஜம்.

"வேண்டாம் அம்மணி. தப்பு என்னோடதாவே இருக்கட்டும்."

"அத்தனை பேரு முன்னால உங்களைப் பேசினாரே நாயனா."

"பேசினா பேசிட்டுப் போறாரு. நீ அந்த ஊட்டுல இருக்கோணுமல்ல."

ரோட்டில் நிற்கும்போது புருஷன்மேல் வந்த ஆத்திரம் எதிர்பார்த்ததுதான். இப்போது அப்பாமேல் வந்தது அவளையே திடுக்கிட வைத்தது. அவர் உள்ளே போய் மருமகனுக்கு வெற்றிலைத் தட்டை நீட்டியபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அழகிரிசாமி தானே கண்டுபிடித்ததாக இந்தக் கதையை மண்டியில் சொன்னான். வீட்டுக்கு வந்தவர்களிடமும் சொன்னான். ஊசி, பெட்ரோல், உஸ்ஸென்ற சத்தம் எல்லாம் இருந்தது. பெயிண்ட் மட்டும் கதையில் இல்லை. மாமனார் துளை போட மறந்துவிட்டார் என்றான். ஒருநாள் அம்புஜம் காப்பி கொண்டுவந்து வைக்கும்போதே சொன்னான். அவள் டம்ளர்களை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

தீபாவளிக்கு வரச்சொல்லித் திருமலைசாமி இரண்டு கடிதம் போட்டார். இரண்டாவதுக்கு மட்டும் அவள் கார்டில் ஒரு வரி எழுதினாள். வரவில்லை என்று.