சவுனாவில் குளித்த இயந்திரம்

மிச்சிகனின் வடகோடியில், சுப்பீரியர் ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. முதல் பெரும்பனி விழுந்த காலையில், தனியாக இருக்கும் பெண்ணின் வாசல்வழியை எவன் முதலில் சுத்தம் செய்கிறானோ, குளிர்காலம் முடியும்வரை அந்த வழி அவனுடையது. வேறொருவன் அங்கே மண்வெட்டியோடு எட்டிப் பார்த்தால்கூட ஊர் அவனைத் திருடனாகத்தான் பார்க்கும். வழியோடு சேர்ந்து அவள் தரும் சனிக்கிழமைக் காபியும் முதல் ஆளுக்கே.

தனியாக வாழும் சைமாவின் வழி அந்த ஆண்டு காலியானது. அதுவரை பார்த்துக்கொண்டிருந்த அவள் தம்பி ஃப்ளோரிடாவுக்குக் குடிபோய்விட்டான். அங்கே பனியே கிடையாதாம், பாவம்.

சைமாவின் காபியில் கரண்டியை நட்டால் நிற்கும். சாய்க்க இரண்டு பேர் வேண்டும். ஏலக்காய் தட்டிப் போட்டுப் பின்னிச் சுடும் அவளுடைய ரொட்டியின் வாசத்துக்குக் காட்டு மான்கள் வந்து கதவைத் தட்டும். காலைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வரும். நானே பார்த்திருக்கிறேன்.

போட்டியில் இரண்டு பேர். ஒருவன் நான், வில்ஹோ. என் வீடு சரிவின் அடியில். இன்னொருவன் கலெர்வோ, மரலாரி ஓட்டி ஓய்ந்தவன். அவன் வீடு சரிவின் உச்சியில், சைமாவுக்கு எதிரிலேயே.

இலை உதிரத் தொடங்கியதுமே கலெர்வோ தன் பனிவாரும் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டான். எண்ணெய் மாற்றினான். பிளக் மாற்றினான். கல் சிக்கினால் தான் முறிந்து எஞ்சினைக் காப்பாற்றும் சிறு போல்ட்டுகளைக்கூடப் புதிதாகப் பூட்டினான். பிறகு என் கொட்டகையை எட்டிப் பார்த்தான்.

"டேய் வில்ஹோ, டாங்குல போன வருஷப் பெட்ரோல்தானே இன்னும் கெடக்கு?"

"கெடக்கட்டும். ஊற ஊறத்தான் ருசி."

"அது என்ன மீன் ஊறுகாயாடா? கெட்டுப்போயி கோந்தாயிருக்கும். கார்புரேட்டர் அடைச்சுக்கும். கயித்த இழுத்து இழுத்து உன் கைதான் நீளும், பாத்துக்க."

அவன் அத்தோடு நின்றிருந்தால் வென்றிருப்பான். ஆனால் எங்கள் பின்லாந்துக்கார ஜனங்களுக்கு எல்லாவற்றுக்கும் சவுனா என்னும் நீராவிக் குளியலறைதான் மருந்து. சளி பிடித்தால் சவுனா, இடுப்புப் பிடித்தால் சவுனா. நான் பிறந்ததே சவுனாவில்தான். வெளியே வர மனமில்லாமல் அழுதேன் என்பார்கள். வெள்ளிக்கிழமை பனி கொட்டத் தொடங்கியதும், குளிரில் இயந்திரம் முரண்டு பிடிக்குமோ என்று கலெர்வோவுக்குக் கவலை வந்துவிட்டது. டாங்கிலிருந்த பெட்ரோலை வடித்துவிட்டு, இயந்திரத்தைச் சவுனாவுக்குள் தள்ளி, அடுப்பை மூட்டி, சூட்டுக்கல்லில் தண்ணீர் தெளித்தான். குளிக்கும் ஆளுக்குச் சாத்துவதுபோலவே பிர்ச் இலைக்கட்டால் அதன் முதுகில் நாலு சாத்தும் சாத்தினான் என்று அவனே சொன்னான்.

சனிக்கிழமை விடிந்தபோது தபால்பெட்டிகளைக் காணோம். தேவாலயக் கோபுரத்தின் நுனி மட்டும் தெரிந்தது. நான் கயிற்றை இழுத்தேன். இயந்திரம் ஒரு முறை இருமியது. மறுபடி இழுத்தேன். அந்த இருமலும் இல்லை.

மேலே, புதுப் பெட்ரோல் ஊற்றிய கலெர்வோவின் இயந்திரம் முதல் இழுப்பிலேயே பாடியது. போச்சு காபி என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் அது சவுனாவிலிருந்து நேராக வந்த சூடு. ஆற விடாமல் சைமாவின் வாசல் பனிக்குள் இறக்கிவிட்டான். தகட்டில் பட்ட பனி அப்படியே உருகி, பனியைத் தூக்கி எறியவேண்டிய குழாய் வழியாக வெந்நீராகக் கொட்டியது.

சைமா ஜன்னலைத் திறந்தாள். "ஏய் கலெர்வோ, பனிய அள்ளுவேன்னு பாத்தா தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சுறியே!"

"கொஞ்சம் பொறு சைமா, இப்ப ஆறிடும்!"

ஆறியது. எங்கள் ஊர்க் குளிரில் துப்பினால் எச்சில் தரையில் விழுந்து உடையும். பாய்ந்த நீர் சரிவு முழுவதும் கண்ணாடியாக உறைந்தது. இயந்திரமும் நின்ற இடத்திலேயே பனிக்கட்டிச் சிலையானது.

இருந்தாலும் வழக்கம் வழக்கம்தானே. முதலில் வந்தவன் அவன். ஒரு கையில் காபிக் கெண்டி, மறு கையில் ரொட்டித் தட்டோடு சைமா வெளியே வந்தாள். கலெர்வோ கோப்பையை நீட்டினான். சைமா ஒரே ஓர் அடி எடுத்து வைத்தாள்.

அவளைப் பிடிக்கப் பாய்ந்த கலெர்வோவின் கையில் ரொட்டியின் நுனிதான் சிக்கியது. சைமா நின்றபடியே சரிவு முழுக்க வழுக்கி வந்தாள். வழியில் பக்கத்து வீட்டுப் பாதிரியாருக்கு வணக்கம் சொன்னாள். என் கொட்டகை வாசலில் வந்து நின்றபோது ஒரு சொட்டுக் காபிகூடச் சிந்தியிருக்கவில்லை.

"இன்னுமா கயித்த இழுக்குறே?"

"இப்பத்தான் பிடிக்கப் பாக்குது."

"அது கெடக்குது விடுய்யா. காபி ஆறுது, கோப்பைய எடு."

மேலிருந்து சத்தம் வந்தது. "சைமா! அது என் காபி! வழிய சுத்தம் பண்ணது நான்!"

"நல்லாத்தான் சுத்தம் பண்ணிருக்கே கலெர்வோ! நானே நிக்கல!"

ஊர் கூடிப் பேசித் தீர்ப்புச் சொன்னது. வழி கலெர்வோவுடையதுதான், அதில் சந்தேகமில்லை. காபி அதுவாக எங்கே வந்து நிற்கிறதோ, அங்கே குடிக்கப்படும். கலெர்வோ சரிவில் தூவச் சாம்பல் வேண்டி நாள்தோறும் சவுனாவை மூட்டினான், அந்தச் சாம்பல் போதவில்லை. சைமா சனிக்கிழமைதோறும் வழுக்கி வந்து, காட்டுப் பாதையாகச் சுற்றித் திரும்பிப் போனாள். மார்ச் மாதத்தில் திரும்பிப் போவதை நிறுத்திவிட்டாள்.

வேறொருத்தியின் வழிக்கு நான் போய்விடக் கூடாதென்று, என் இயந்திரத்தை இந்த அக்டோபரிலும் சைமாவே பார்வையிட்டாள். பழைய பெட்ரோல் அப்படியே இருக்கிறதா என்று மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்து, இறுக்கி மூடினாள்.