ஒரு வார அடைப்பு

எழுந்தான். பால் காய்ச்சினான். வலது பக்கம் மட்டும் பல் துலக்கினான். இடப்பக்கக் கடைவாய்ப் பல்லை பிரஷ் தொட்டு மாதக்கணக்காயிற்று. அதில் மனைவி வைத்த அடைப்பு இருந்தது. வேர் சிகிச்சையின் பாதியில், ஒரு வாரம் தாங்கினால் போதும் என்று அவள் வைத்தது. அன்று வீடு திரும்பும் வழியில் லாரி மோதி அவள் போய்ச் சேர்ந்தாள்.

இன்று கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது. கிளினிக்குக்குப் போனான். பல் மருத்துவர்களான மனைவியும் அவள் தங்கையும் சேர்ந்து நடத்திய இடம். இப்போது மச்சினி மட்டும்.

எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, அளவுக்கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறோரம் இறக்கினாள். அது தங்குதடையின்றி உள்ளே போயிற்று.

"உள்ள வேர்ல சீழ். வெளிய ஈறும் எலும்பும் அரிச்சிருக்கு. ரெண்டும் கூட்டு சேந்துடுச்சு மாமா. அடைப்பு கசிஞ்சிருக்கு, போதாததுக்கு நீங்க பிரஷ்ஷையும் காட்டல. ஒரு வாரச் சாமானை ஆயுசுக்கும் ஓட்டலாம்னு பாத்தீங்களா?"

"பல் நிக்குமா?"

"இன்னைக்கே அடைப்பை எடுத்தா நிக்கலாம். விட்டா பல்லே விழுந்துடும். அப்ப அக்கா வெச்சது மட்டும் அந்தரத்துல தொங்குமா?"

அவன் கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டான்.

"அக்கா இருந்தா உங்க காதைத் திருகியிருப்பா."

வாயைத் திறந்தான்.

ஊசி போட்டதும் உதடு மரத்தது. வெள்ளைத் துகள்கள் உறிஞ்சுகுழாயில் போயின. மச்சினியின் கை ஒருமுறை நின்றது, பிறகு ஓடியது. வேரைக் கழுவி, மருந்து வைத்து, புதிதாக அடைத்தாள். ஈறோரத்துப் பற்காரையைச் சுரண்டினாள்.

"முதல்ல வேர் ஆறட்டும். ஈறு தானா எவ்வளவு ஒட்டுதுன்னு பாத்துட்டு மிச்சத்தை யோசிப்போம்."

கையுறையைக் கழற்றினாள்.

"மாமா, அக்கா கடைசியா 'நல்லா இரு'ன்னு சொல்லிட்டுப் போனாள்னு அம்மாகிட்ட சொன்னீங்களே. நெஜமா?"

மாமியார் அழுத அழுகையில் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தான்.

"இல்ல."

"பின்ன?"

அன்றும் இதே நாற்காலிதான். அடுத்த ஆளைக் கூப்பிடப் போன மனைவி கதவருகே நின்று திரும்பினாள். அவள் சொன்னதை மரத்த உதட்டால் அப்படியே சொன்னான்:

"அடுத்த வாரம் ஒழுங்கா வந்து சேரு. வரல, தூங்கும்போது பிடுங்கிடுவேன்."