பெட்ரோல் போட்டா கிளம்பாத வண்டி

எங்க காருக்கு ஒரு வியாதி. பெட்ரோல் போட்டா ஸ்டார்ட் ஆகாது. போடாத வரைக்கும் ஜம்முன்னு ஓடும். கேக்கறவங்க சிரிப்பாங்க, ஆனா நெசம் அதான். பங்க்ல நிரப்பிட்டு சாவியைத் திருப்பினா கர்ர் கர்ர்னு இருமும், ஒரு நடுங்கு நடுங்கும், அணைஞ்சிடும். பின்னாடி நிக்கறவன் ஹாரன் அடிச்சே காதைக் கிழிப்பான். பத்து நிமிஷம் கழிச்சு அதுக்கா மனசு வந்தா கிளம்பும்.

"வயிறு நிறைஞ்சா அதுக்குத் தூக்கம் வருது, விடு"ன்னுடுவார் எங்க வீட்டுக்காரர். முப்பது வருஷம் பஸ் கண்டக்டரா இருந்தவராச்சே, எந்த வண்டி நின்னாலும் அவர்கிட்ட ஒரு காரணம் ரெடியா இருக்கும்.

இப்படியே காலத்தை ஓட்டியிருப்போம். ஆனா என் மருமகளுக்கு வேலை கெடச்சுது. அவ பிசியோதெரபி படிச்சவ. குழந்தை பொறந்ததுக்கு அப்புறம் ரெண்டு வருஷமா வேலை கேட்டு ஏறாத ஆஸ்பத்திரி இல்ல. கடைசியில ஒரு இடத்துல எடுத்தாங்க. கை கால் வராதவங்க வீட்டுக்கே போய் பயிற்சி குடுக்கணும், ஒரு நாளைக்கு ஏழு வீடு, ஒவ்வொண்ணும் ஒரு மூலை. சொந்த வண்டி இருக்கான்னு மொதல்ல அதைத்தான் கேட்டாங்களாம். இவளும் இருக்குன்னு தலையாட்டிட்டு வந்துட்டா. திங்கக்கிழமை சேரணும். மொத நாளே பங்க்ல நின்னுட்டா என்னத்த சொல்றது?

வெள்ளிக்கிழமை மெக்கானிக்கைக் கேட்டா, "பம்ப்பா இருக்கலாம், இன்ஜினாவும் இருக்கலாம், விட்டுட்டுப் போங்க, பத்து நாள் ஆகும்"னார்.

"இருக்கலாம் இருக்கலாம்னு சொல்றதுக்கு நான் போதாதா?"ன்னார் எங்காளு.

சனிக்கிழமை காலையில மருமக போனை எடுத்துக்கிட்டு என் பக்கத்துல வந்து உக்காந்தா. கண்ணெல்லாம் செவந்திருக்கு, ராத்திரி பூரா தூங்காம போன்ல தேடிப் படிச்சிருக்கா போல.

"அத்தை, பர்ஜ் வால்வு போயிருக்குமோன்னு தோணுது."

"அது எந்த ஊர்க்காரன்டி?"

சிரிச்சிட்டா பாவம். அப்புறம் பொறுமையா சொன்னா. டேங்க்ல பெட்ரோல் ஆவியாகுமில்ல, அது வெளிய போகாம ஒரு கரி டப்பா பிடிச்சு வச்சுக்குமாம். வண்டி ஓடும்போது அந்த ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமா இன்ஜினுக்குள்ள விடறதுக்கு ஒரு குட்டிக் கதவு, அதான் இந்த வால்வு. அது மூடாம திறந்தே கெடந்தா, பெட்ரோல் போட்டதும் மொத்த ஆவியும் ஒரேயடியா உள்ள போயி இன்ஜினுக்கு மூச்சு முட்டிடுமாம்.

"சரி, அது எங்க இருக்கு?"

"அதான் தெரியல. வண்டிக்கு வண்டி இடம் மாறுமாம்."

பானெட்டைத் திறந்தோம். உள்ள குடல் மாதிரி குழாயா ஓடுது. எங்க வீட்டுக்காரர் வந்து பேட்டரிக்குப் பக்கத்துல எதையோ காட்டி, "இதான்"னார். முன் கண்ணாடி கழுவற தண்ணி டப்பா அது. "நீங்க போய் பேப்பர் படிங்க"ன்னு அனுப்பி வச்சேன். போகல, அங்கேயே நின்னார்.

இன்ஜினுக்குக் காத்து போற பெரிய பிளாஸ்டிக் பொட்டியில இருந்து மெல்லிசா ஒரு டியூப் கிளம்பி வருது. அதையே விரலால தடவிக்கிட்டு போனா மருமக. பின்னால, ஒரு இரும்புப் பட்டைக்கு அடியில, தீப்பெட்டி அளவுக்குக் கறுப்பா ஒண்ணு. ரெண்டு பக்கமும் டியூப், தலையில ஒயர். "அத்தை! இவன்தான்!"

சோதிக்கறது சுலபமாம். வண்டியைச் சும்மா ஓடவிட்டு, டேங்க்ல இருந்து வர்ற டியூப்பை வால்வுல இருந்து கழட்டி, அந்த ஓட்டையில விரலை வைக்கணும். இன்ஜின் சூடாகறதுக்கு முன்னாடி அது உறிஞ்சக் கூடாது. அவ ஸ்டியரிங்ல உக்காந்தா, நான் விரலை வச்சேன். பால் குடிக்கற கன்னுக்குட்டி மாதிரி இழுக்குது!

"உறிஞ்சுதுடி!"ன்னு கத்தினேன். வியாதி பிடிபட்டா வர்ற சந்தோஷம் இருக்கே, அது தனி.

பேத்தியைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு மூணு பேருமா ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனோம். கடைக்காரம்மா வால்வை எடுத்து வச்சிட்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலா பாத்தாங்க. "பெட்ரோல் போடும்போது கிளிக்னு நின்னதுக்கு அப்புறமும் ஊத்தச் சொல்வீங்களா?"

நானும் மருமகளும் ஒரே நேரத்துல திரும்பிப் பாத்தோம்.

"என்ன என்னையே பாக்கறீங்க? இடம் இருந்தா ஏத்தணும்ல? விளிம்பு வரைக்கும் போடுப்பான்னு சொல்வேன், அவ்வளவுதான்."

"அந்தப் பெட்ரோல் கரி டப்பாவுல இறங்கிடும் சார். அதுலதான் வால்வு கெட்டிருக்கும்."

"இது பஸ் இல்ல மாமா, படியில எல்லாம் ஏத்தாதீங்க"ன்னா மருமக. வண்டி நின்னதுக்கு இந்தத் தடவை காரணமே அவர்தான்; பர்ஸை எடுத்துக் காசை நீட்டினார்.

ஆனா கடைக்காரம்மா இன்னொண்ணும் சொன்னாங்க. "பழைய வால்வைத் தட்டிப் பாருங்க. கரித்துகள் கொட்டுச்சுன்னா டப்பாவே உடைஞ்சிருக்கு. புது வால்வும் ரெண்டே நாள்ல போயிடும். டப்பா என்கிட்ட இல்ல, வியாழக்கிழமைதான் வரும்."

வால்வை வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வந்தோம். வியாழக்கிழமைன்னா வேலையை மறந்துட வேண்டியதுதான்.

பேத்தியோட டிராயிங் நோட்டுல ஒரு வெள்ளைத் தாளைக் கிழிச்சு தரையில விரிச்சோம். மருமக ஒயரைப் பிடுங்கி, டியூப்பை உருவி, ஒத்தை போல்ட்டைக் கழட்டி வால்வை வெளிய எடுத்தா. தாளுக்கு மேல தலைகீழா பிடிச்சு டொக் டொக்னு தட்டினா.

ஒண்ணுமில்ல. இன்னொரு தடவை தட்டினா. தாள்ல கறுப்பா ஒரு பொட்டு.

"போச்சு"ன்னா. அப்படியே உக்காந்துட்டா.

நான் குனிஞ்சு பாத்தேன். அந்தப் பொட்டு நடந்து போகுது.

"எறும்புடி! எறும்பு!"

சிரிக்கறாளா அழறாளான்னே தெரியல. எங்க வீட்டுக்காரர் வேற, "டிக்கெட் இல்லாம ஏறியிருக்கு"ன்னார். அப்புறம் எத்தனை தட்டு தட்டினாலும் தாள் வெள்ளையாவே இருந்துச்சு.

புதுசை மாட்ட கால் மணி நேரம்கூட ஆகல. மாட்டினதும் அதே இடத்துல என் விரலை வச்சேன், இழுக்கல. ஆனாலும் பங்க்ல போய்ப் பாத்தாத்தானே மனசு ஆறும்?

போனோம். பெட்ரோல் ஏற ஏற நான் மீட்டரையே பாத்துக்கிட்டிருந்தேன். கிளிக்னு நின்னுச்சு. பின்சீட்ல இவர் வாயைத் திறந்தார், திருப்பி மூடிக்கிட்டார். மருமக சாவியைத் திருப்பினா.

கிளம்பிடுச்சு. ஒரு இருமல் இல்ல, ஒரு நடுக்கம் இல்ல.

நம்ப முடியாம அணைச்சா. திருப்பி ஸ்டார்ட் பண்ணினா. மறுபடியும் அணைச்சா, மறுபடியும் போட்டா. பின்னாடி ஹாரன் அடிக்கறான். "அடிக்கட்டும் அத்தை, இன்னும் ஒரே தடவை"ங்கறா, கண்ணுல தண்ணி வழியுது, முகம் முழுக்கச் சிரிப்பு.

அப்புறம் வீட்டுப் பக்கம் திருப்பாம நேரா விட்டா.

"எங்கடி போற?"

"அட்ரஸ் குடுத்திருக்காங்க, அந்த ஏழு வீடும் எங்கெங்க இருக்குன்னு பாத்துட்டு வந்துடலாம் அத்தை. திங்கக்கிழமை தேடிக்கிட்டு நிக்கக் கூடாதில்ல?"

ஜன்னலை இறக்கி விட்டேன். நல்ல காத்து.