ஏழாம் நம்பர் கிணற்றின் கடைசி நிமிஷம்

எங்கள் குழு மொத்தம் இரண்டே இசைத்தட்டுகள்தான் போட்டது. இரண்டாவதோடு ஏன் நின்றுபோனது என்று சபையில் இன்றைக்கும் யாராவது கேட்பார்கள். "கர்த்தருடைய சித்தம்" என்று சொல்லி நழுவிவிடுவேன். பொய். கர்த்தரை ஏன் இதில் இழுக்க வேண்டும்? பாதிக் காரணம் கிளீட்டஸ். மீதி நான்.

எண்ணெய் வயல் ஊரான பேக்கர்ஸ்ஃபீல்டில் எழுபத்தேழாம் வருஷம். முடி வளர்த்துக்கொண்டு, பூட்ஸ் மாட்டிக்கொண்டு, கன்ட்ரி ராக் இசையில் இயேசுவைப் பாடிய ஐந்து பேர் நாங்கள். குழுவுக்கு வேதத்தில் வருகிற 'இடுக்கமான வாசல்' என்று பெயர். கிளீட்டஸ் பாடுவான். நான் லோனி ப்ரூயிட்; உட்கார்ந்து வாசிக்கிற ஸ்டீல் கிதார் என்னுடையது.

என் அப்பா ஓரின் எண்ணெய் வயலில் பம்பு பார்க்கிறவர். சபைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். முதல் இசைத்தட்டை அவர் வீட்டில் போட்டேன். ஒரு பக்கம் முழுக்கப் பொறுமையாகக் கேட்டார்.

"நீ வாசிக்கிறது நல்லாத்தான்டா இருக்கு. ஆனா ஒவ்வொரு பாட்டும் கடைசில என் சட்டையப் புடிச்சு முழங்கால் போட வைக்குது. பிரசங்கம் இல்லாம ஒரு பாட்டு போடு. கேக்குறேன்."

"போடறேம்ப்பா. சத்தியமா."

"சத்தியம் பண்ணக் கூடாதுன்னு உங்க புஸ்தகத்துலயே இருக்கேடா!"

"சரி, அப்ப வாக்கு."

அந்த வாக்குக்காக எழுதிய பாட்டுதான் 'ஏழாம் நம்பர் கிணறு'. அப்பா முப்பது வருஷம் பார்த்த எண்ணெய்க் கிணறு. அதிகாலையில் அவர் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்புவது, திரும்பி வந்து எண்ணெய்க் கறை போகக் கை கழுவுவது, அவ்வளவுதான் பாட்டு. என் வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே உருப்படியான பாட்டு அது. பெருமையாகவே சொல்கிறேன்.

இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் மெரிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "பாட்டு ஜோர், பிரதர். ஆனா இதுல இயேசு எங்க?"

"கிணத்துக்குள்ள எட்டிப் பாருங்க" என்றான் டிரம் அடிக்கிற ஹாயிட்.

மெரிக் சிரிக்கவில்லை. கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில்தான் எங்கள் தட்டு விற்கும். அந்தக் கடைக்காரர்கள் ஒவ்வொரு பாட்டிலும் இயேசுவின் பெயரைத் தேடுவார்கள், ஒன்றில் இல்லாவிட்டாலும் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றார். பாட்டு முடியும்போது நாலு பெண்களை விட்டு 'இயேசுவே, இந்தப் பாவியைச் சேர்த்துக்கொள்ளும்' என்று ஒரு நிமிஷம் பாடவைத்தால் போதுமாம்.

முடியவே முடியாது என்றேன். இரண்டு நாள் வாய்ச்சண்டை. கடைசியில் கிளீட்டஸ், "நாம எதுக்கு அடிச்சுக்கணும்? அப்போஸ்தலருங்களே பன்னிரண்டாவது ஆளச் சீட்டுப் போட்டுத்தான் எடுத்தாங்க. கர்த்தரே சொல்லட்டும்" என்றான். எங்கள் கூட்டத்தில் இதற்கு மறுபேச்சு கிடையாது. மறுத்தால் விசுவாசம் இல்லாதவன் ஆகிவிடுவேன்.

கிதார் மீட்டுகிற பிளாஸ்டிக் வில்லைகள் இரண்டை அவனே தொப்பிக்குள் போட்டான். ஒன்று வெள்ளை, ஒன்று பழுப்பு என்றான். வெள்ளை வந்தால் பெண்கள் பாடுவார்கள். எல்லாரும் கண்ணை மூடி ஜெபித்தோம். நான்தான் கையை விட்டு எடுத்தேன். வெள்ளை. எல்லாரும் ஆமென் சொன்னார்கள். வேண்டாவெறுப்பாக நானும் சொன்னேன்.

தட்டு வந்ததும் அப்பாவிடம் எடுத்துக்கொண்டு போனேன். இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு அது. கைகழுவுகிற வரிகள் வந்தபோது தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் அந்த நாலு பெண்கள் வந்தார்கள். எழுந்து போய் ஊசியைத் தூக்கினார்.

"வாக்குன்னியேடா."

"சீட்டுல விழுந்துருச்சுப்பா."

"சீட்டா? எனக்குக் குடுத்த வாக்கு என்ன லாட்டரியா?"

மொச்சையும் சோள ரொட்டியும் எடுத்து வைத்தார். சாப்பிட்டோம்.

இரண்டு மாதம் கழித்து டூலேரி என்கிற ஊரின் சந்தைத் திடலில் மத்தியானக் கச்சேரி. மேடை ஏறுமுன் கைகோத்து நின்று, மனசில் இருக்கிற பாவத்தை அறிக்கை செய்துவிட்டுத்தான் ஏறுவோம். அது எங்கள் வழக்கம். பெரும்பாலும் ஹாயிட் பீர் குடித்ததைச் சொல்வான். அன்றைக்கு கிளீட்டஸ் அழ ஆரம்பித்தான்.

"தொப்பிக்குள்ள ரெண்டுமே வெள்ளைதான், லோனி. எத்தனையோ ஆத்துமாக்கள் காத்துட்டு இருக்கு. கர்த்தருக்குக் கொஞ்சம் ஒத்தாசை பண்ணலாம்னு நெனச்சேன்."

"கர்த்தருக்கு ஒத்தாசையா? அடப்பாவி! அவருக்கு ஒரு சீட்டக்கூட ஒழுங்கா விழ வைக்கத் தெரியாதுன்னா நெனச்சே?"

மன்னிப்பதாகச் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கச்சேரியை வாசித்து முடித்தேன், ஸ்டீல் கிதாரைப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். அதோடு சரி, குழு முடிந்தது.

நேராக அப்பாவிடம்தான் ஓடினேன். "அவன் ஏமாத்திட்டாம்ப்பா! ரெண்டும் வெள்ளையாம்!"

அப்பா பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நிமிரக்கூட இல்லை. "சீட்டுல ஏமாத்துனது அவன். தொப்பிக்குள்ள கைய விட்டது நீ."

அதற்கப்புறம் பதினாறு வருஷம் உயிரோடு இருந்தார். நல்ல நாள், பிறந்த நாள் என்று போவேன், வருவேன். அந்தப் பாட்டுப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. தட்டைத் தூக்கி எறிந்திருப்பார் என்றே நினைத்தேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் வீட்டை ஒழிக்கப் போனேன். தட்டு பிளேயரின் மேலேயே கிடந்தது, இரண்டாம் பக்கம் மேலாக. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முதல் பாட்டின் வரிக்கோடுகள் தேய்ந்து சாம்பல் பூத்திருந்தன. எத்தனை நூறு தடவை போட்டாரோ. ஆனால் அந்தப் பாட்டின் கடைசியில், பெண்கள் பாடுகிற இடத்தில், இரண்டு தீக்குச்சி கனத்துக்கு, கடையில் வாங்கின மாதிரிக் கறுப்பாகப் பளபளத்தது. அதற்குச் சற்று முன்னால், ஊசியைத் தூக்கித் தூக்கிக் கீறின இடம்.

என் அப்பா என் பாட்டைக் கேட்டிருக்கிறார். நான் வாக்குக் கொடுத்த அளவுக்கு மட்டும். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

நான் இன்னும் ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவன்தான். அந்தத் தட்டு இப்போது என் வீட்டில் இருக்கிறது. கரகரவென்றுதான் பாடுகிறது. அந்த நாலு பெண்கள் வருவதற்குமுன் நானும் எழுந்துபோய் ஊசியைத் தூக்கிவிடுகிறேன்.