போவதற்கு ஒரு காரணம்

அயர்லாந்தில் ஒரு மருத்துவமனை எனக்கு நர்ஸ் வேலை கொடுத்துவிட்டது. ஆங்கிலத் தேர்வின் கட்டுரைப் பகுதிதான் விடமாட்டேன் என்கிறது. ஒன்பதுக்கு ஆறரை வேண்டும். இரண்டு முறை எழுதியும் ஆறுதான். சனிக்கிழமையும் தோற்றால் வேலை வேறொருத்திக்கு.

நாகர்கோவில் பயிற்சி மையத்தில் சொல்லித்தரும் அபிதா என்னைவிட ஏழு வயது இளையவள். 'வேலைக்காக வெளிநாடு போவது நல்லதா?' என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு நெற்றியைத் தடவினாள்.

"லிஜியக்கா, முதல் வரி சரி. போறது நல்லதுண்ணு சொல்லியாச்சு. அடுத்த வரியில மாமியார் எதுக்கு வாறாவ?"

"அவியளும் நல்லதுண்ணுதான் சொன்னாவ."

"அதுக்கடுத்து சர்ச்சு பங்குச்சாமியார்."

"அவரும்தான்."

"இது பத்தியா, கல்யாணப் பத்திரிகையா? ஒரு கருத்து, அதுக்கு ஒரு காரணம், பொறவு ஒரு உதாரணம். ஆளு பேரு காரணமாகாதுக்கா."

ஒன்பது வருடமாக எங்கள் கோயிலில் செவ்வாய்க்கிழமை நவநாள் செபத்தில் புனித அந்தோணியாருக்கு வரும் நன்றிக் கடிதங்களை வாசிப்பவள் நான். விசா கிடைத்தது, வேண்டிக்கொண்டவர்கள் இன்னார் இன்னார், முடிந்தது. எப்படிக் கிடைத்தது என்று புனிதரிடம் யாரும் கேட்பதில்லை. என் பத்திகளும் அப்படியே வளர்ந்துவிட்டன.

பெயர்களை அடித்தேன். பத்தி காலியாகிவிட்டது. சம்பளம் என்று எழுதினால், உதாரணத்துக்குக் கணவர் ரிஜோ கேட்கும் காரும் மாமியார் கேட்கும் மாடியும் வந்து நின்றன. எனக்கு என்ன வேண்டும் என்று கேட்க ஒரு பரீட்சை வேண்டியிருந்தது. கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

போவது நல்லதல்ல என்று மாற்றி எழுதினேன். பேனா நிற்கவில்லை. நோயாளியின் பேச்சு புரிவது பாதி வைத்தியம். போன வாரம் நான் வேலைபார்க்கும் ஆஸ்பத்திரிக்கு வந்த மரியான் என்ற மீனவர், "வயித்துக்குள்ள கடலு இளகிக் கெடக்கு" என்றார். வெளியூர் டாக்டர் வாயு மாத்திரை எழுதினார். எங்கள் கரையில் கடல் இளகுவது என்றால் கொந்தளிப்பு; வெறும் வாயுவுக்கு யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஈசிஜி எடுக்க வைத்தேன். இதயம்.

அபிதா படித்தாள். "ஏழு உறுதி. இப்படியே எழுதுங்க, அடுத்த மாசம் பிளைட்டு."

"இதைப் படிச்சுமா போகச் சொல்லுக?"

"பரீட்சைக்கு எழுதுனத யாராவது நம்புவாவளாக்கா?"

நான் நம்பிவிட்டேன். அன்று மாலையே வரவில்லை என்று அயர்லாந்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பிறகு ரிஜோவிடம் சொன்னேன்.

"யாரு சொல்லி இப்படிச் செய்த?" என்றார்.

"யாரும் சொல்லல்ல. காரணம் மூணு பத்தி இருக்கு. இரியுங்க, வாசிக்கேன்."