பேருக்கு ஒரு தொடக்கம்

எங்கள் முதலாளி சீனிவாசன் சார் முதலில் காலண்டரைப் புரட்டி நல்ல நாள் குறிப்பார். பிறகுதான் வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்று எங்களைக் கேட்பார். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் இருக்கிறது எங்கள் சாஃப்ட்வேர் ஆபீஸ். கீழே கல்யாணப் புடவை எடுக்க எந்த நாள் ராசியோ, மேலே எங்களுக்கும் அதே நாள்தான் கெடு.

இந்த முறை ஒரு தனியார் மருத்துவமனையின் குழந்தைகள் வார்டு. மருந்து கொடுக்கும் நேரம் வந்தால் நர்சின் போனில் மணி அடிக்க வேண்டும். நாற்பது முறை சோதித்தேன். மூன்று முறை அடிக்கவில்லை. சரிசெய்ய ஐந்து நாள் போதும் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் என் நோட்டு வேறு சொன்னது. கடைசிப் பதினொரு வேலைகளுக்கு நான் சொன்ன நாளையும், உண்மையில் ஆன நாளையும் அதில் எழுதி வைத்திருந்தேன். ஒன்றுகூடச் சொன்ன நாளில் முடிந்ததில்லை. பாதிக்கு மேல் இரண்டு மடங்கைத் தாண்டி இழுத்திருந்தன. நோட்டை சாரிடம் நீட்டினேன்.

“பன்னிரண்டு நாளாவது வேணும் சார். அதுவரைக்கும் வார்டுல குடுக்கக் கூடாது.”

“புதன்கிழமை நாள் குறிச்சாச்சும்மா. ஒன்பதே காலுக்குப் பேருக்கு ஆன் பண்ணிட்டு வந்துடலாம். அப்புறம் மெதுவா சரி பண்ணிக்கோ.”

எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். அன்று அதுவும் வரவில்லை. வேலை போய்விடுமோ என்று பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன்.

புதன்கிழமை சூடம் காட்டி, ஆன் செய்து, கேசரி தின்றுவிட்டு வந்தோம். ஒரு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோதுதான் சுருக்கென்றது.

“சார், இது பேருக்குத்தான்னு வார்டுல சொல்லிட்டீங்கல்ல?”

“நீ சொல்லியிருப்பேன்னு நெனச்சேம்மா.”

வார்டுக்குப் போன் போட்டேன். யாரும் எடுக்கவில்லை. டப்பாவை அப்படியே விட்டுவிட்டு, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைந்தேன்.

நர்ஸ் எஸ்தர் சிரித்துக்கொண்டே போனைக் காட்டினார். “ரொம்ப வசதியா இருக்குதும்மா. மருந்து நேரம் எழுதின பழைய சார்ட்டையெல்லாம் காலையிலயே எடுத்துட்டோம்.”

ஒவ்வொரு கட்டிலாகக் கேட்டேன். ஏழாம் கட்டில் குழந்தைக்குப் பன்னிரண்டு மணிக்கு வலிப்பு மருந்து.

“குடுத்தீங்களா?”

“இன்னும் மணி அடிக்கலையேம்மா. நானும் பாத்துக்கினுதான் இருக்கேன்.”

சொல்லிக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றரை. முகம் வெளிறி மருந்து அறைக்கு ஓடினார்.

மருந்து உள்ளே போனது. இரண்டு மணி நேரம் போனால்தான் எதையும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். குழந்தையின் கால் ஒருமுறை வெட்டி இழுத்தது. தூக்கத்திலா, வலிப்பிலா, தெரியவில்லை.

குழந்தையின் தாய் தேவிப்ரியா, பக்கத்துக் கூரம் கிராமத்துக்காரி, கட்டிலோரப் பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தாள்.

“ஓடியாந்து சொன்னது நீங்கதானேம்மா? நீங்க நல்லா இருக்கணும்.”

அந்த வாழ்த்தை என்னால் தாங்க முடியவில்லை.

“இந்தப் போன் சில நேரம் அடிக்காதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும்” என்றேன்.

அவள் குழந்தையை வாரி மடியில் வைத்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள்.